எர்டெலியா, எர்தேயா? டிரான்சில்வேனியாவின் நான்கு பெயர்கள்

கேள்வி: ருமேனியா பற்றிய பயண நூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். டிரான்சில்வேனியா, ஆர்டீல், எர்டெலி, சீபன்பர்கன் என நான்கு பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒரே இடமா? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: நான்கும் ஒரே நிலப்பகுதிதான். ஹங்கேரியச் சமவெளியிலிருந்து கிழக்கே போனால் மலைக்காடு குறுக்கிடும். அதைத் தாண்டிய நாடு இது. ஹங்கேரியத்தில் ‘எர்தோ’ என்றால் காடு, ‘எல்வெ’ என்றால் அப்பால். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததுதான் ஹங்கேரியப் பெயர், நீங்கள் ‘எர்டெலி’ என்று எழுதுவது. லத்தீனில் எழுதியவர்கள் அதே பொருளில் ‘உல்த்ரா சில்வம்’ என்றார்கள்; 1075ஆம் ஆண்டுச் சாசனத்தில் அது இருக்கிறது. பின்னர் ‘உல்த்ரா’ போய் ‘டிரான்ஸ்’ வந்தது. ருமேனியர் வழங்கும் பெயர் (உங்கள் ‘ஆர்டீல்’) ஹங்கேரியச் சொல்லின் மரூஉ. ஜெர்மன் பெயரான ‘சீபன்பர்கன்’ மட்டும் தனி: அதற்கு ‘ஏழு கோட்டை’ என்றே பொருள் சொல்வது வழக்கம். ருமேனிய அரசுச் சின்னத்தில் இப்பகுதிக்கான கட்டத்தில் இன்றும் ஏழு கோட்டைகளைப் பார்க்கலாம்.

இனி உச்சரிப்பு. ‘எர்டெலி’ பிழை. ஹங்கேரியத்தில் எல், ஒய் இரண்டும் சேர்ந்து வந்தால் ‘ய்’ ஒலி மட்டுமே; ‘லி’ இல்லை. அங்கே டி எழுத்துக்கு நாக்கு நுனி பல்லைத் தொடும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போடாமல் ‘த’ போடுங்கள். ஆக, ‘எர்தேய்’, அழுத்தம் முதல் அசையில். ருமேனியத்திலும் அதே ‘த’தான்: ‘அர்தியால்’, அழுத்தம் இரண்டாம் அசையில். ஜெர்மன் பெயரை ‘ஸீபன்ப்யுர்கன்’ என எழுதலாம். அந்த ‘ப்யு’ சரியாக வர, உதட்டை ‘உ’வுக்குக் குவித்துக்கொண்டு ‘இ’ சொல்லிப் பாருங்கள். தமிழ் எழுத்தால் அதற்கு மேல் நெருங்க முடியாது.

ஊர்ப்பெயர்களில்தான் பெரிய ஆபத்து. இப்பகுதியிலுள்ள ப்ரஷோவ் நகருக்கு ஜெர்மனில் க்ரோன்ஷ்டாட் என்று பெயர்; செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகிலுள்ள ரஷ்யக் கடற்படை ஊருக்கும் அதே பெயர். சூழல் பார்க்காமல் அடிக்குறிப்பு எழுதினால் வாசகர் பால்டிக் கடலுக்குப் போய்விடுவார். 1950 முதல் 1960 வரை ப்ரஷோவ் ‘ஸ்டாலின் நகர்’ என்ற பொருளில் ‘ஒராஷுல் ஸ்டாலின்’ ஆக இருந்தது. அக்கால வரைபடத்தில் ப்ரஷோவைத் தேடினால் கிடைக்காது.

கதை சொல்லும் நடையில் ‘டிரான்சில்வேனியா’வையே வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கில வழி வந்தாலும் தமிழில் நிலைத்துவிட்டது. உரையாடலில் மட்டும் பேசுபவரின் சொல் வரட்டும்: ஹங்கேரியப் பாட்டி ‘எர்தேய்’ என்றால் அதை மாற்றாதீர்கள். அவர் எந்த மொழிக்காரர் என்பதை அந்தச் சொல்தான் வாசகருக்குச் சொல்கிறது. முதல் முறை வருமிடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘டிரான்சில்வேனியா’ என்று சேர்த்தால் போதும்.