வெள்ளம் தேங்கும் இடத்தில் கட்டும் விதிகள் பற்றிச் சிங்கப்பூரில் கருத்து கேட்டால், சாதாரண ஆள் என்ன எழுதுவது?

லோங்காங், அதாவது தெருவோர வடிகால், நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு ஏறும் நேரத்தில் நீங்கள் வாசலில் நின்று பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதை எழுதுங்கள். இங்கே ஓர் அலுவலகத்தில் 12 வருஷமாக வடிகால் வரைபடம் போடுகிறேன். வரைபடத்தில் எல்லாத் தண்ணீரும் ஒழுங்காகத்தான் ஓடும்.

அமெரிக்கா மாதிரி வெள்ளச் சமவெளிக்கென்று இங்கே தனி அனுமதி கிடையாது. கட்டடத் திட்டத்தோடு, நீர் வாரியமான பியுபியிடம் வடிகால் ஒப்புதலும் வாங்க வேண்டும். தரைமட்டம் இவ்வளவு உயரம் இருக்கணும் என்பது ஒரு விதி. கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலத்துக்கு, கடல்மட்டத்துக்கு மேல் அந்த உயரத்தை 2011இல் 3 மீட்டரிலிருந்து 4 ஆக்கினார்கள். இன்னொன்று 2014இல் வந்தது. 0.2 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள மனை என்றால், அடைமழையில் அங்கிருந்து ஒரேயடியாகப் பாயும் தண்ணீரைக் கட்டுபவர் குறைத்தாக வேண்டும். தொட்டி கட்டித் தேக்கி, மெதுவாக வெளியே விடுவார்கள்.

நல்ல விதிதான். ஆனால் 0.2 ஹெக்டேர் என்றால் 2,000 சதுர மீட்டர். 200 சதுர மீட்டர் மனையில் இருக்கும் டெரஸ் வீட்டை (வரிசை வீடு) அது தொடாது. பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கார் கூட நிறுத்த முன்புறப் புல்லைப் பெயர்த்துவிட்டு சிமென்ட் போட்டால்? அந்தப் பத்து மனையும் சேர்ந்து அதே 2,000தானே!

எங்கள் சித்தப்பா வீடு அப்படி ஒரு தெருவில், கொஞ்சம் பள்ளத்தில். பக்கத்து வீட்டை இடித்து உயர்த்திக் கட்டினார்கள், விதிப்படிதான். அதற்குப் பிறகு இவர் கேட் வரைக்கும் தண்ணீர். முதலில் பியுபிக்கு இரண்டு பக்கத்துக்குக் கோபமாக மின்னஞ்சல் எழுதினார். வந்தது நன்றிக் கடிதம் மட்டும். "சித்தப்பா, திட்டுறதை விடுங்க, அளந்து எழுதுங்க"ன்னு சொன்னேன். கேட் தூணில் ஒவ்வொரு முறையும் பென்சிலால் கோடு போட்டார், பக்கத்தில் தேதி, மழை தொடங்கிய நேரம், வடிந்த நேரம். ஐந்து கோடு ஆனதும் படத்தோடு அனுப்பினோம். ஆள் வந்து லோங்காங்கை மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கட்டுமானச் சிமென்ட் இறுகிக் கிடந்தது!

அந்த அடைப்பை எடுத்துச் சரிசெய்தார்கள். புல்லைப் பெயர்த்த கதை அப்படியே இருக்கிறது. பெரிய கடைத்தெருவான ஆர்ச்சர்ட் ரோடு 2010இல் மூழ்கிய பிறகு, தாவரவியல் பூங்கா பக்கம் 38,000 கன மீட்டர் தொட்டி கட்டி 2018இல் முடித்தார்கள். தெருவுக்கு ஒன்று அப்படிக் கட்ட முடியுமா? அதனால் நான் எழுதுவது ஒன்றுதான்: சின்ன மனையிலும் இவ்வளவு பங்கு மண்ணாக இருக்கட்டும். அரசு கருத்து கேட்கும் ரீச் தளத்தில் எழுதலாம், நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்ட வரைவைப் பார்வைக்கு வைக்கும்போதும் எழுதலாம்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அந்தத் தூணை மட்டும் சித்தப்பா தொட விடவில்லை.