"சார், இது பொம்மை" என்று சொல்ல நேரம் கிடைக்குமா?

கேள்வி: என் மகன் ராமநாதபுரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன மாதம் நண்பர்களோடு சேர்ந்து அரியமான் கடற்கரையில் குறும்படம் எடுத்தார்கள். ஆன்லைனில் வாங்கிய கறுப்புத் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடுவது. பார்த்தால் நிஜம் மாதிரியே இருக்கும். யாரோ தகவல் கொடுத்து போலீஸ் வந்துவிட்டது. தூரத்தில் நின்றே சத்தம் போட்டு, துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். "சுட்டிருந்தால் யாரைப் போய்க் கேட்பது?" என்கிறார் வளைகுடாவில் இருக்கும் என் கணவர். "பொம்மைக்கு எல்லாம் சுட முடியாது. சுட்டால் அந்தப் போலீஸ்காரர்தான் ஜெயிலுக்குப் போவார்" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி? படம் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை எப்படி எடுப்பது?
தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கேட்க ஆள் இல்லை என்பது மட்டும் தவறு. கேட்பதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். தம்பியின் பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது. துப்பாக்கி பொம்மை என்பதாலேயே சுட்டவர் குற்றவாளி ஆகிவிடுவார் என்று அவர் நினைக்கிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சுடுவதற்கு என்று போலீஸுக்குத் தனியாக ஒரு தற்காப்பு உரிமை கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. உயிர் போய்விடும் என்ற நியாயமான அச்சம் வந்தால் எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும். அச்சம் நியாயமானதாக இருந்தால் போதும், ஆபத்து நிஜமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. தற்காத்துக்கொண்டவர் செய்ததைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே முப்பதடி தூரத்தில் ஒருவன் கறுப்புத் துப்பாக்கியை நீட்டினான், அது பொம்மை என்று பிறகுதான் தெரிந்தது என்றால், அந்த ஒரே காரணத்துக்காகச் சுட்டவர் மாட்டிக்கொள்ள மாட்டார்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. உங்கள் மகன் யாரையும் தாக்கவில்லை, சினிமா எடுத்தான். எதிராளி குற்றமே செய்யாதபோது சுட்டவர் "தவறாக நினைத்துவிட்டேன்" என்ற வாதத்துக்குள்தான் ஒதுங்க வேண்டும். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 17. அதற்கு நல்லெண்ணம் வேண்டும். இந்தச் சொல்லை நாம் பேச்சில் பயன்படுத்துகிற மாதிரி சட்டம் பயன்படுத்துவதில்லை. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. "நான் மனதார நம்பினேன்" என்றால் போதாது. நம்புவதற்கு முன் என்ன விசாரித்தீர்கள், எங்கே நின்றீர்கள், எச்சரித்தீர்களா, மறைவு எடுக்க இடம் இருந்ததா என்ற கேள்விகள் வரும். இந்த விதிவிலக்கை நிரூபிக்கிற பொறுப்பும் சுட்டவர் மீதுதான்.

இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் 1997 மார்ச் 31 அன்று டெல்லி கன்னாட் பிளேஸில் நடந்தது. ஒரு ரவுடியைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ், வேறு ஒரு காரை அவனுடையது என்று நினைத்துச் சரமாரியாகச் சுட்டது. இரண்டு வியாபாரிகள் செத்துப்போனார்கள். காருக்குள்ளிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்ற போலீஸின் வாதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உதவி கமிஷனர் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை, 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆள் தெரியாமல் நடந்துவிட்டது என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. அப்புறம் இன்னொன்று: கைது செய்யும்போது, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்கப் போலீஸுக்கு உரிமை இல்லை. பயந்து ஓடுகிற பையனை முதுகில் சுடுவதற்குத் தற்காப்பு என்று பெயர் வைக்க முடியாது.

பொம்மைத் துப்பாக்கியை வைத்து உலகம் அதிகம் விவாதித்தது அமெரிக்காவின் கிளீவ்லாந்து சம்பவத்தைத்தான். 2014 நவம்பர் 22. தமீர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன் பூங்காவில் பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருந்தான். உங்கள் மகன் வாங்கியது போன்றதுதான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். "துப்பாக்கி அனேகமாகப் போலிதான், ஆளும் சின்னப் பையனாகத்தான் இருக்கும்" என்று அவர் சொல்லவே செய்தார். போனை எடுத்தவரிடமிருந்து களத்துக்குப் போனவர்களுக்கு அந்த இரண்டு தகவலும் போய்ச் சேரவில்லை. போலீஸ் கார் பையனுக்குச் சில அடி தூரத்தில் போய் நின்றது. நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டார்கள்.

அந்த அதிகாரி மீது குற்றம் சாட்டத் தேவையில்லை என்று 2015 டிசம்பரில் முடிவானது. குடும்பத்துக்கு நகர நிர்வாகம் 60 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு தரப்பு, "அந்த இடத்தில் நின்றவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான், பிறகு உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு என்ன தெரியும்?" என்றது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதியும் கிட்டத்தட்ட அதுதான்: அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த நியாயமான ஓர் அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும். இன்னொரு தரப்பு கேட்டது: "இரண்டு நொடிதான் இருந்தது என்கிறீர்கள். அந்த இரண்டு நொடியாகச் சுருக்கியது யார்? காரைத் தள்ளி நிறுத்தியிருந்தால் இரண்டு நிமிடம் கிடைத்திருக்குமே." எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் நியாயமாகப் படுகிறது. 2025 மே மாதம் அதே உச்ச நீதிமன்றம், வேறு ஒரு வழக்கில், சுட்ட அந்தக் கணத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒருமனதாகச் சொன்னது. நம் சட்டத்தின் "உரிய கவனம்" என்ற சொல்லுக்குள் இது முன்பே அடங்கியிருக்கிறது என்பேன்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனிடம் வந்த போலீஸார் செய்தது சரியான வேலை. தூரத்தில் நின்றார்கள், குரல் கொடுத்தார்கள், நேரத்தை நீட்டினார்கள். அதட்டினார்கள் என்று வருத்தப்படாதீர்கள்.

அமெரிக்காவை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்பதும் உண்மை. அங்கே மக்கள்தொகையை விடத் துப்பாக்கிகள் அதிகம், கையில் தெரிவது நிஜமாக இருக்க வாய்ப்பும் அதிகம். இங்கே என்கவுன்டர் அறிக்கைகளில் பெரும்பாலும் அரிவாள்தான் வரும். ஒரு கல்லூரிப் பையன் கையில் கைத்துப்பாக்கியைப் பார்த்தால் "ஷூட்டிங் போல" என்று நினைப்பதுதான் மதுரைத் தெருவில் நியாயமான எண்ணம்.

ஆனால் நம் கடற்கரை மதுரைத் தெரு இல்லை. 2008இல் மும்பைக்கு வந்தவர்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். எதிரே இலங்கை. அரியமானுக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை. "சாகர் கவாச்" ஒத்திகை நாட்களில் போலீஸாரே தீவிரவாதி வேடம் போட்டு, டம்மி வெடிகுண்டோடு படகில் வந்து இறங்குவார்கள், மற்றவர்கள் மடக்கிப் பிடிப்பார்கள். போலி ஆயுதத்தை நிஜமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பயிற்சி கொடுக்கப்பட்ட கரை இது. அந்த நாளில் உங்கள் பிள்ளைகள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு துப்பாக்கியோடு படகிலிருந்து குதிக்கிற காட்சியை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கையில் ஆயுதமே இல்லாமல், பார்த்தவரின் பயத்துக்கு உயிரைக் கொடுத்த கதையும் நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2012 ஜூலை 16 அன்று துபாய் அருகே கடலில் ஒரு மீன்பிடிப் படகை நோக்கி அமெரிக்கக் கடற்படைக் கப்பலிலிருந்து சுட்டார்கள். செத்தவர் ஒருவர், காயம்பட்டவர்கள் மூவர், எல்லோரும் ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர்கள். எச்சரித்தும் படகு வேகமாக நெருங்கியது என்றது கப்பல் தரப்பு. எச்சரிக்கையே வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். உங்கள் கணவருக்கு அந்தச் செய்தி நினைவில் இருக்கலாம், பயம் அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

சரி, மீதிப் படத்துக்கு வருவோம். எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர், என்ன பொம்மை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, பொம்மையின் படத்தையும் ஒட்டி, உள்ளூர் காவல் நிலையத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்திலும் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒத்திகை நாள் என்றால் அங்கேயே "அன்றைக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். படப்பிடிப்பில் பெரியவர் ஒருவர் கடிதத்தோடு வெளியே தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கடற்படைத் தளப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம், டிரோனை வீட்டிலேயே வைத்துவிடட்டும். காட்சி எடுக்கும்போது மட்டும் துப்பாக்கி வெளியே வரட்டும், மற்ற நேரத்தில் பைக்குள் இருக்கட்டும். இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற வேலையே வேண்டாம். புகார் அங்கிருந்துகூடப் போகலாம். ஆரஞ்சு முனை நல்லதுதான், ஆனால் சாயங்கால வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது, அதை நம்பி இருக்க முடியாது.

போலீஸ் குரல் கொடுத்தால் என்ன செய்வது என்பதை மகனுக்கு வாயால் சொன்னால் போதாது, வீட்டில் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஏனென்றால் நம் கை இயல்பாகச் செய்வதுதான் இங்கே ஆபத்து. "சார், இது பொம்மை, பாருங்க" என்று அதைத் தூக்கிக் காட்டத்தான் கை போகும். குரல் வந்த திசைக்கு உடம்பு திரும்பும், கையிலிருப்பதும் கூடவே திரும்பும். இரண்டையும் செய்யக் கூடாது. நின்ற இடத்திலேயே விரலைத் திறந்து மணலில் போட்டுவிட வேண்டும். வெறும் கை தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். குனிந்து எடுக்கக் கூடாது, ஓடக் கூடாது, கடிதத்தை எடுக்கப் பைக்குள் கை விடக் கூடாது. பேச்சு அதற்குப் பிறகு.

இதே விஷயத்தின் மறுபக்கம் ஒன்று. நீங்களோ அக்கம்பக்கத்தினரோ யார் கையிலாவது துப்பாக்கியைப் பார்த்து 112க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ போன் செய்தால், பார்த்ததைப் போலவே சந்தேகத்தையும் சொல்லுங்கள். "பையன்கள், கேமரா வைத்திருக்கிறார்கள், பொம்மையாக இருக்கலாம்" என்பதை இரண்டு முறை சொல்லி, வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று கேளுங்கள். கிளீவ்லாந்தில் அறுந்த இழை அதுதான்.

உங்கள் கணவரின் கேள்விக்கு: போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ உயர் அதிகாரியின் மேற்பார்வையில் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. அவை பின்பற்றப்படவில்லை என்றால் குடும்பத்தார் அந்தப் பகுதி செஷன்ஸ் நீதிபதியிடம் நேராக முறையிடலாம். காகிதத்தில் இருப்பது நடக்க வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கன்னாட் பிளேஸ் வழக்கு முடிய 14 ஆண்டு ஆனது.

வாங்கி வைத்த பொம்மையைத் திரும்பக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, மகன் நிச்சயம் கேட்பான். எழுதிக் கொடுத்துக் கேட்கலாம், அதை வைத்து யாரையும் மிரட்டாதவரை தவறில்லை. மிரட்டியிருந்தால் பொம்மை என்பது உதவாது, அது குற்றமுறு மிரட்டல்தான். ஆனால் நான் அந்தப் படத்தின் இயக்குநராக இருந்தால் துப்பாக்கிக் காட்சியைக் கடற்கரையிலிருந்து எடுத்து, உங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மாற்றிவிடுவேன். நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.