நிலாவரைப் பொடியைத் தினமும் சாப்பிடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. மலச்சிக்கலுக்காக எட்டு மாதமாக இரவில் ஒரு ஸ்பூன் நிலாவரைப் பொடி சாப்பிடுகிறார். இப்போது இரண்டு ஸ்பூன் போட்டால்தான் போகிறது. மூலிகைதானே, தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். நிலாவரை நல்ல மருந்துதான், ஆனால் பேதி மருந்து. சூடான், அரேபியப் பாலை நிலங்களில் தானாக வளரும் இந்த மஞ்சள் பூச்செடி நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெகுகாலமாகப் பயிராகிறது. வெளிநாட்டு வியாபாரிகள் அதை 'டின்னவேலி சென்னா' என்றே கேட்டு வாங்குகிறார்கள். இதன் சத்து பெருங்குடலுக்குப் போய்த்தான் வேலை செய்யும். அதனால்தான் இரவில் குடித்தால் காலையில் போகிறது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் சாப்பிடலாம். எட்டு மாதம் என்றால் குடல் அதையே நம்பிப் பழகிவிடும்.

அம்மா ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ 'நீர் மாத்திரை' சாப்பிடுகிறாரா? இதை அவசியம் கேளுங்கள். அந்த மாத்திரைகளில் பலவும் சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியேற்றும். நிலாவரை மலத்தோடு வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் கெண்டைக்கால் பிடிப்பு, அசதி, படபடப்பு வரும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று உடனே பாருங்கள்.

அப்புறம், அந்தப் பொடியை எங்கே வாங்கினீர்கள்? 'உடல் இளைக்கும் டீ', 'குடல் சுத்தப் பொடி' என்று விற்பவற்றில் பாதிக்கு மேல் நிலாவரைதான் என்பது என் அனுபவம். எடை குறைவதாகத் தெரிவது வெறும் நீர் இழப்பு. பாக்கெட்டில் 14 இலக்க எண் இருந்தால் நம்பிவிடாதீர்கள், அது உணவு உரிமம். மருந்துக்குத் தனியாகத் தயாரிப்பு உரிம எண், சேர்மானப் பட்டியல், காலாவதித் தேதி எல்லாம் வேண்டும். மருந்துச் சட்டம் 1940லேயே வந்துவிட்டது, 1964 திருத்தத்தில் சித்த, ஆயுர்வேத மருந்துகளும் அதில் சேர்ந்துவிட்டன. ஆனாலும் உணவு உரிமத்தைக் காட்டிப் பேதி மருந்தை விற்கிறார்கள், கேட்பாரில்லை.

இலையாக வாங்கினாலும் ஆவாரை இலையைக் கலந்து தருவார்கள். நிலாவரை இலை ஈட்டி முனைபோலக் குறுகிக் கூராக இருக்கும், அடிப்பக்கம் இரு பாதியும் சமமாக இராது. ஆவாரை இலையின் நுனி மழுங்கியிருக்கும்.

பொடியை மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். தண்ணீர், கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, மாலை நடை என்று மாற்றிப் பாருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காரணமின்றி எடை குறைந்தாலோ, காத்திருக்காமல் பெருங்குடல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.