அக்ரிலிக் வண்ணத்தில் வரையும் பழைய வீடு ஏன் புது வீடுபோல் வருகிறது?

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தும் சுவர் புதிதாகப் பெயின்ட் அடித்ததுபோல் இருக்கிறது என்கிறீர்கள். சுவரை ஒரே பூச்சில் முடித்துவிடுவதுதான் காரணம்.

கோட்டுப்படம் போட்டதும் கேன்வாஸ் முழுக்க பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை நீர்க்கப் பூசுங்கள். காய்ந்த பிறகு நிழல்கள். புகைப்படத்தில் அவை வெறும் கறுப்பாகத் தெரியும், நம்ப வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் கலந்தால் நல்ல இருட்டு கிடைக்கும்.

அப்புறம் சுவர். வெளிர் நிறத்தைத் தொட்டு, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, லேசாக இழுங்கள். அடியிலிருக்கும் சியன்னா அங்கங்கே எட்டிப்பார்க்குமே, காரை உதிர்ந்த இடம் அதுதான். ஜன்னலுக்குக் கீழே மழைநீர்க் கறைக்கு, தண்ணீராய்க் கரைத்த அம்பரை மேலிருந்து கீழே வழியவிடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள். செங்கல்? நாலைந்து வரைந்தால் போதும்.