வழி தப்புவதும் கவனம் சிதறுவதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 71 வயது. பழைய தெருவில் தடுமாற்றமே இல்லை. புதிதாகக் குடிவந்த அடுக்ககத்தில் மட்டும் பிளாக் மாறிப் போய்விடுகிறார். மார்க்கெட்டில் நடக்கும்போது போன் வந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே மறந்துபோகிறதாம். மறதிநோயா? குறுக்கெழுத்துப் போடச் சொல்லலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

பழைய தெருவில் தடுமாறாதது நல்ல அறிகுறி. முதுமையில் முதலில் சிரமமாவது புது இடத்தை மனதில் வரைந்துகொள்வதுதான். மூளையில் நினைவுக்கு முக்கியமான பகுதியான ஹிப்போகாம்பஸும் அதையொட்டிய என்டோரைனல் புறணியும் செய்கிற வேலை அது. அங்குள்ள இடமறியும் செல்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜான் ஓகீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. அந்த வரைபடம் மங்கும்போது, 'கோயில் தாண்டி இடது, பிறகு வலது' என்ற வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வேறு வாசல் வழியாக வெளியே வந்தால் அது கைகொடுக்காது.

போன் விஷயம் வேறு. நரம்பியல் விஞ்ஞானி ஆடம் கஸாலி குழுவின் 2005 ஆய்வில், பார்க்க வேண்டியதை முதியவர்கள் இளைஞர்களைப் போலவே கவனித்தார்கள். வேண்டாததை ஒதுக்கத்தான் முடியவில்லை. ஆகவே "கவனமா இரும்மா" என்று சொல்லிப் பயனில்லை. இடைஞ்சலைக் குறையுங்கள்.

காலை ஆறரைக்கு, கூட்டம் சேருமுன் அழைத்துப் போங்கள். அவர் முன்னே நடக்கட்டும், நீங்கள் பேசாமல் பின்னால் வாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது தெரிகிற தெரு வரும்போது வேறு தெரு. அடையாளம் நகராததாக இருக்க வேண்டும்: வேப்பமரம் சரி, தள்ளுவண்டி கூடாது. பழகியபின் வேறு வாசலிலிருந்து தொடங்குங்கள். போன் வந்தால் ஓரமாக, போகிற திசையைப் பார்த்தபடி நின்று பேசட்டும்.

குறுக்கெழுத்து, குறுக்கெழுத்தில்தான் தேர்ச்சி தரும். அதைவிட நடை மேல். 2011இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு, வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகமாக நடந்தார்கள். அவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. அம்மா பத்து நிமிடத்தில் தொடங்கட்டும்.

மாத்திரைகளையும் பாருங்கள். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், சில தூக்க மாத்திரைகள், சிறுநீர் அடங்காமைக்கான சில மருந்துகள் முதியவர்களைக் குழப்பும். மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். கண்புரை, காது, வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனையும் தேவை.

பழகிய தெருவிலேயே வழி தப்பினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். அல்சைமர் என்ற மறதிநோய் முதலில் தொடும் இடங்களில் ஒன்று அந்த என்டோரைனல் புறணி. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் நோய்த்தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.