பல்லு தெரிஞ்சா சந்தோஷம்

அன்புள்ள அக்கா,

என் பையனுக்கு ஆறு வயசு, ஆட்டிசம். ஒரு வருஷமா முகப் படம் போட்ட கார்டு வச்சு 'இது சந்தோஷம், இது கோவம்'னு சொல்லிக் குடுக்கறோம். பயத்தையும் ஆச்சரியத்தையும் இன்னும் மாத்தித்தான் சொல்றான். நான் அழுதாக்கூட முகத்தப் பார்க்க மாட்டேங்கறான், தாடையப் பிடிச்சுத் திருப்பினா கத்தறான். தினமும் எவ்வளவு நேரம் பழக்கணும்? நல்ல ஆப் இருக்கா? இவனுக்குப் பாசமே இல்லையோன்னு பயமா இருக்கு.

(பெயர் வேண்டாம்)

தங்கச்சிக்கு,

முதல்ல அவன் தாடையிலேர்ந்து கைய எடுங்க. உங்க கடிதத்துல என்னைக் கோவப்பட வச்சது அந்த வரிதான். கண்ணப் பார்க்கறது வலிக்கற மாதிரி இருக்கும், கண்ணப் பார்த்தா பேசறது காதுல ஏறாதுன்னு ஆட்டிசம் உள்ள பெரியவங்க எத்தனையோ பேர் சொல்லிட்டாங்க, அதுக்கப்புறமும் நாம புள்ளைங்க மூஞ்சியத் திருப்பிட்டே இருக்கோம். பயம், ஆச்சரியம் குழம்பறதப் பெருசா எடுத்துக்காதீங்க. ரெண்டுலயும் கண்ணு விரியுது, ஆட்டிசம் இல்லாதவங்களே அடிக்கடி மாத்திச் சொல்ற ஜோடி அது. ஆப் எதுவும் நான் சொல்லப் போறதில்ல.

கார்டு பத்திச் சொல்றேன். என் அக்கா பையனுக்கு நான்தான் கூட உக்காந்து சொல்லிக் குடுத்தேன். மூணு மாசத்துல பத்துக்குப் பத்து, எனக்கு ஒரே பெருமை. அப்புறம் ஒருநாள் பல்லக் கடிச்சிட்டு முறைக்கற ஆள் படத்தக் காட்டினேன், 'சந்தோஷம்'னான். பல்லு தெரிஞ்சா சந்தோஷம், நான் அவனுக்குக் கத்துக் குடுத்தது அவ்வளவுதான். ஆனா அதே பையன், நான் கோவமா வீட்டுக்குள்ள வந்தா, வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, சாவிய மேசைமேல வைக்கற சத்தத்துலயே காதப் பொத்திக்குவான். என் முகம் அவனுக்குத் தேவையே படல.

இன்னொண்ணு இன்னிக்கும் மனச அறுக்குது. ஒருதடவ மூணு நாளா ஒரே ஸ்வரத்துல முனகிட்டே இருந்தான், சாப்பிடல, தலைய செவுத்துல முட்டினான், முகம் மட்டும் எப்பவும் போலத்தான். காட்டின இடத்துல 'பிடிவாதம், கண்டுக்காதீங்க'ன்னாங்க, நாங்களும் கண்டுக்கல. நாலாம் நாள் கன்னம் வீங்கிடுச்சு, பல்லுக்கு அடியில சீழ். அவனுக்கு முகம் படிக்கத் தெரியலன்னு கார்டு வச்சுப் பரிட்சை நடத்தினோமே, அவன் வலியப் படிக்க எங்கள்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சுதா?

டேமியன் மில்டன்னு ஒருத்தர், அவருக்கே ஆட்டிசம் உண்டு, 2012லயே இதத்தான் எழுதினார்: புரிஞ்சுக்காம போறது ரெண்டு பக்கமும் நடக்குது, ஒரு பக்கத்துக் குறைன்னு எழுதி வைக்காதீங்கன்னு. 2016ல ஒரு ஆய்வு வந்துது, ஆட்டிசம் உள்ளவங்க காட்டின முகபாவத்த ஆட்டிசம் இல்லாதவங்களால மத்தவங்களோடத கண்டுபிடிக்கற அளவுக்குக் கண்டுபிடிக்க முடியல. அப்போ கார்டு யாருக்கு வேணும்? நமக்கும் வேணுமில்ல?

அலெக்ஸிதைமியான்னு ஒண்ணு இருக்கு, தனக்குள்ள என்ன உணர்ச்சி ஓடுதுன்னே பேர் சொல்ல வராம போறது. ஆட்டிசம் உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருக்கும்னு சொல்றாங்க, அடுத்தவங்க முகம் படிக்க வராததுக்குக் காரணம் ஆட்டிசத்தவிட இதுதான்னு 2013ல ஒரு ஆய்வுக் குழு சொல்லிச்சு. என் அனுபவமும் அதுதான். தன் பயம் எதுன்னே தெரியாத புள்ள கார்டுல இருக்கறவன் பயத்த எங்க போய்த் தேடும்? அதனால படத்த விட்டுட்டு அவன் உடம்புலேர்ந்து ஆரம்பிங்க. மிக்சி சத்தத்துக்கு ஓடி ஒளியறானா, பக்கத்துல போய் மெதுவா 'வயிறு இறுகுதா, நெஞ்சு படபடங்குதா, இதுக்குப் பேரு பயம்'னு அந்த நேரத்துலயே சொல்லுங்க. உங்களுக்கு வந்தாலும் வாய்விட்டே சொல்லுங்க, 'அம்மாவுக்கு இப்ப வருத்தம், அதான் அழறேன்'னு. உங்க முகத்தப் பார்த்து அவனே கண்டுபிடிக்கணும்னு ஏன் காத்திருக்கணும்?

பாசம் இல்லையோங்கற வார்த்தைய இனிமே அவன் இருக்கற ரூம்ல சொல்லாதீங்க, அவனுக்குக் காது நல்லாவே கேக்கும். நீங்க அழுதப்ப முகத்தப் பார்க்கலன்னு மட்டும் எழுதியிருக்கீங்க. அப்ப என்ன பண்ணினான்? வெளிய போனானா, எதையாவது எடுத்து வரிசையா அடுக்கினானா, பத்து நிமிஷம் கழிச்சு உங்க பக்கத்துல வந்து முதுகக் காட்டிட்டு உக்காந்தானா? ஒரு வாரம் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.