பர்பனும் இத்தாலியக் கசப்பு மதுவும் வீட்டில் கலந்தால் ஏன் ருசி கூடி வருவதில்லை?

கேள்வி கேட்டவர் 40 மில்லி பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியும் 40 மில்லி காம்பாரி என்ற சிவந்த இத்தாலியக் கசப்பு மதுவும் கலந்திருக்கிறார். கசந்தது. இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பாகு ஊற்றினார். இப்போது கசப்பும் போகவில்லை, இருமல் மருந்து போலத் தித்திக்கவும் செய்கிறது, என்ன செய்யலாம் என்கிறார்.

முதலில் அந்தப் பாகு பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். நான் பார்டெண்டர் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் சமையலறை மேடையில் கலந்து பார்ப்பவன். ஏறக்குறைய ஒரு வருடம் இதே தவறைச் செய்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

இந்த இத்தாலியக் கசப்பு மதுக்களை 'அமாரோ' என்பார்கள். இத்தாலிய மொழியில் கசப்பு என்று பொருள். அந்தப் பெயரை நம்பித்தான் ஏமாறுகிறோம். வேர், பட்டை, பூ, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் மதுவில் ஊறவைத்து, குடிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காகத் தாராளமாகச் சர்க்கரையும் சேர்த்துத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். பர்பனும் இனிப்புப் பக்கம் சாய்ந்த விஸ்கி. அதில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில் ஊற வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வனிலாவும் கருகிய பாகும் கலந்த அந்த வாசனை பீப்பாயிலிருந்து வருவது. ஆக, உங்கள் கிளாஸில் இனிப்புக்குக் குறையே இல்லை.

எங்கள் வீட்டில் பாகற்காய்ப் பிட்லை வைக்கும்போது வெல்லத்தை மட்டும் போட்டுக் கசப்பை அடக்கியதில்லை. புளியும் உப்பும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். வெல்லம் கடைசியில் ஒரு துண்டு. நீங்கள் கலந்ததில் வெல்லம் இருக்கிறது, புளி இல்லை. எனக்கு இது உறைத்தது 'பேப்பர் பிளேன்' கலந்து பார்த்த அன்றைக்குத்தான்.

சாம் ராஸ் என்ற பார்டெண்டர் சிகாகோவின் 'வயலட் ஹவர்' மதுக்கூடத்துக்காக 2008இல் உருவாக்கிய காக்டெய்ல் அது. பெயர், அப்போது அவர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த பாடகி எம்.ஐ.ஏ.யின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலிலிருந்து வந்தது. ஆமாம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் மாயா அருள்பிரகாசம்தான். பர்பன் கிளாஸுக்குள் இப்படியொரு தமிழ்த் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அளவு மிக எளிது. பர்பன், அப்பெரோல், அமாரோ நொனினோ, எலுமிச்சைச் சாறு நான்கும் சமபங்கு, ஒவ்வொன்றும் 22 மில்லி. அளக்கும் குவளை இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் சிறு கப் போதும்: 15, பிறகு ஒரு ஏழரை. கண்ணளவில் ஊற்றாதீர்கள், சமபங்குக் கலவையில் ஐந்து மில்லி தவறினாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

ராஸ் முதலில் இதில் காம்பாரியைத்தான் சேர்த்தார், பிறகு அப்பெரோலுக்கு மாறினார். இரண்டும் சிவந்த அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் அப்பெரோலில் ஆல்கஹால் 11 சதவீதம்தான், கசப்பும் மிதம். நொனினோ வேறு ரகம்: இத்தாலியின் ஃபிரியூலியில் திராட்சையிலிருந்து வடிக்கும் மதுவை அடிப்படையாகக் கொண்டது, 35 சதவீதம். கலவைக்கு முதுகெலும்பு தருவது பர்பன் மட்டுமல்ல, இதுவும்தான்.

நொனினோ விலை கையைக் கடிக்கும். மாற்றாக மொண்டெனெக்ரோ என்ற அமாரோ வாங்கலாம். பூவாசம் தூக்கலாக இருக்கும், 23 சதவீதம் என்பதால் கலவை கொஞ்சம் மெலியும். அப்போது பர்பனை 50 சதவீத ரகமாக எடுங்கள். சிசிலியின் அவெர்னா என்றால் கெட்டியாக, கோலா போல இருக்கும். எலுமிச்சையை ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள். கடுங்கசப்பான ஃபெர்னெட் வகை அமாரோவை மட்டும் சமபங்கில் ஊற்றிவிடாதீர்கள். நான் ஊற்றினேன். வீடு முழுக்கத் தைலம் தேய்த்த வாசனை. என் மனைவி யாருக்கு மூட்டு வலி என்று கேட்டாள்.

எலுமிச்சை மஞ்சள் நிறப் பெரிய ரகமாக இருக்கட்டும், அப்போதே பிழியுங்கள். பாட்டிலில் வரும் சாறு வேண்டாம்.

அடுத்தது பலரும் மறந்துவிடும் பொருள்: தண்ணீர். ஷேக்கரிலோ இறுக மூடும் ஊறுகாய் பாட்டிலிலோ ஐஸை நிரப்பி, பன்னிரண்டு வினாடி ஓங்கிக் குலுக்கினால் 88 மில்லி கலவையோடு சுமார் 25 மில்லி தண்ணீர் கரைந்து சேரும். 23 சதவீதமாக இருந்த ஆல்கஹால் 18க்கு இறங்கும். அந்தத் தண்ணீரும் ஒரு சேர்மானம்தான். 'தண்ணீர் கலந்துவிடும்' என்று பயந்து மூன்று வினாடியில் நிறுத்தினால் தொண்டை எரியும், கசப்பும் தனியே துருத்தி நிற்கும். ஐஸ் புதிதாக இருக்கட்டும். ஃப்ரீசரில் வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாரம் கிடந்த ஐஸில் நான் கலந்த பேப்பர் பிளேன் பற்றிப் பேச விரும்பவில்லை.

காம்பாரியை ஏற்கெனவே வாங்கிவிட்டேனே என்றால், பூல்வார்டியர் கலக்கலாம். 1920களின் பாரிஸ் காக்டெய்ல். அதே பெயரில் அங்கே பத்திரிகை நடத்திய எர்ஸ்கின் க்வின்னுடையது. பழைய கணக்கு சமபங்கு. என் நாக்குக்கு 45 பர்பன், 30 காம்பாரி, 30 இனிப்பு வெர்மூத் சரியாக வருகிறது. இதில் எலுமிச்சை இல்லை, எனவே குலுக்க வேண்டாம். ஐஸோடு அரை நிமிடம் கிளறி வடிகட்டி, ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்துவிடுங்கள். வெர்மூத் ஒருவகை ஒயின் என்பதால் திறந்தபின் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கசந்தால் உப்பு. ஒரு பங்கு உப்பை நான்கு பங்கு தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து இரண்டே சொட்டு. உப்பு தெரியாது, கசப்பு பின்வாங்கும். தித்தித்தால் அரை டீஸ்பூன் எலுமிச்சை.

ஒரு எச்சரிக்கை. பேப்பர் பிளேன் பழரசம் போல இறங்கும், ஆனால் ஒரு கிளாஸில் இருப்பது ஏறக்குறைய 50 மில்லி விஸ்கியின் ஆல்கஹால். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பாகு ஊற்றிய அந்தக் கிளாஸைக் கொட்டிவிடாதீர்கள். உயரமான டம்ளரில் ஐஸ் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அரை எலுமிச்சையைப் பிழிந்து சோடாவால் நிரப்புங்கள். இருவர் குடிக்கலாம்.